ஏறுபூரானும் இறங்குபூரானும்

மாட்டுத் தரகனுக்குக் கடவுள் வாயைக் கொடுத்ததே வெற்றிலை போடத்தான். தொழில் முழுக்கக் கையில் நடக்கிறது. தேனிச் சந்தையில் விலை பேசும்போது வாங்குகிற பக்கத்துத் தரகனும் விற்கிற பக்கத்துத் தரகனும் கையோடு கை பிடித்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, முழுக் கையைப் பிடித்தால் இன்னொரு கணக்கு, நகத்தால் அழுத்தினால் பாதி. சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், விலை தெரியாது. படிந்துவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "முடிஞ்சது" என்பார்கள். அதற்குப் பிறகு பேச்சு மாறுகிறவனுக்குச் சந்தையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காது.

இந்தத் தொழிலில் உப்புக்கோட்டை நல்லகண்ணுவும் வேலுச்சாமியும் ஜோடி. ஒரே தெருவில் பிறந்து, ஒரே வாய்க்காலில் நீச்சல் பழகி, ஒரே நாளில் தரகுத் துண்டைத் தோளில் போட்டவர்கள். வேலுச்சாமிக்கு ஒரே தங்கச்சி, சுருளியம்மாள். அவளையும் நல்லகண்ணுவுக்கே கட்டிக்கொடுத்து சிநேகிதனை மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டான். இவ்வளவு நெருக்கம் ஆகாது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஊர் எப்போதாவது சரியாகவும் சொல்லிவிடுகிறது.

தேனிக்கு ரயில் வந்த மறு வருசம் அது. வருசநாட்டுப் பக்கமிருந்து சாம்பல் பூத்த வெள்ளையில் ஒரு மயிலைக் காளை சந்தைக்கு வந்தது. நல்லகண்ணு அதைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி, கூட்டாளியைக் கேட்காமலே கயிற்றைக் கையில் வாங்கிவிட்டான். வேலுச்சாமி வந்து காளையின் முதுகைத் தடவிப் பார்த்தான். முதுகுத் தண்டில் பூரான் ஊர்வதுபோல ஒரு மயிர்ச்சுழி கோடாக ஓடியது. அந்தப் பூரான் திமிலைப் பார்த்து ஏறினால் ஏறுபூரான்; வாங்கியவன் வீடு ஏறும். வாலைப் பார்த்து இறங்கினால் இறங்குபூரான். வாங்கியவன் குடி இறங்கும். இதில் சந்தேகம் கேட்கிறவனை அந்தப் பக்கத்தில் மனுசனாகவே மதிக்கமாட்டார்கள்.

"மாப்ளே, கயித்தை விட்டுரு. இது இறங்குபூரான்" என்றான் வேலுச்சாமி.

"கண்ணைத் தொடைச்சிட்டுப் பாரு மச்சான். ஏறுபூரான்."

உண்மையில் அந்தச் சுழி நடு முதுகில் தொடங்கி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஓடியது. திமில் பக்கம் நின்றவனுக்கு இறங்கியது, வால் பக்கம் நின்றவனுக்கு ஏறியது. இரண்டு பேரும் இடம் மாறி நின்று பார்த்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் விலையில் இறங்கினாலும் இறங்குவானே தவிர, நின்ற இடத்தை விட்டு நகர்கிற தரகனை நான் பார்த்ததில்லை.

காலையில் சுழியைப் பற்றித் தொடங்கிய பேச்சு மத்தியானம் ஒருத்தன் கண்ணைப் பற்றியும் சாயங்காலம் இன்னொருத்தன் பரம்பரையைப் பற்றியும் ஆகி, இருட்டுமுன் இரண்டு பேரையும் வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதியில் கொண்டுபோய் நிறுத்தியது. வேலுச்சாமி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "இனிமே இவனோட நான் வாய் தொறந்து பேசுனா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்" என்றான். நல்லகண்ணு மட்டும் சும்மா இருப்பானா? தனக்கும் ஒரு சூடம் கேட்டு வாங்கி, அதே வார்த்தையைச் சொல்லி, இன்னும் ஓங்கி அடித்தான்.

விசயம் தெரிந்த சுருளியம்மாள் அழவில்லை. "சுழி சும்மா இருக்காதும்பாக. மாட்டுக்கு முதுகுல இருக்கு, உங்க ரெண்டு பேருக்கும் தலையில இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரே சந்தையில் இரண்டு ஊமைத் தரகர்கள் எத்தனை நாள் ஓட்ட முடியும்? மூன்றாம் மாதம் வேலுச்சாமி கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான். அங்கே இவர்களின் இன்னொரு சிநேகிதன் கருத்தக்கண்ணன் புறக்கோட்டைக் கடைத்தெருவில் சோத்துக்கடை வைத்திருந்தான். காளை நல்லகண்ணு வீட்டிலேயே தங்கிவிட்டது. வேலுச்சாமி வாயால் இறங்குபூரான் என்று சொன்ன மாட்டைக் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் எவனும் தொடமாட்டேன் என்றான். அதற்குப் பெயரே பூரான் என்று ஆயிற்று.

அந்தப் பூரான் வந்தபின் நல்லகண்ணுவுக்கு எல்லாம் ஏறுமுகம். வறண்டு கிடந்த கிணற்றில் ஊற்று கண்டது. ஆற்றோரத்தில் ஒரு துண்டு வயல் சேர்ந்தது. பெண் பிறந்தாள், சந்தனம்மாள் என்று பெயர் வைத்தார்கள். "ஏறுபூரான்னு சொன்னேனா இல்லையா" என்று பார்க்கிறவனிடமெல்லாம் கேட்பான். ஆனால் சந்தைக்குத் தனியாக நடக்கும்போது, வாய்க்கால் பாலத்தில் ஏறியதும் வலது பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுப்பான். அங்கே ஆள் இருக்காது. அது அவனுக்கு வலித்தது. வலித்ததை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய ஒரே ஆள் கொழும்பில் இருந்தான்.

சந்தனத்துக்குக் காது குத்த வேண்டிய வயது வந்தபோதுதான் வினை முற்றியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். சுருளியம்மாளுக்கு இருப்பதே ஒரு அண்ணன். கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினாள். வருகிறவர்கள் பதில் கொண்டுவந்தார்கள்: "பிள்ளையைப் பெத்தவன் முறையா வெத்தல பாக்கு வச்சு 'வாங்க மச்சான்'னு நேருல கூப்பிடட்டும். அடுத்த கப்பல்ல வாரேன்."

கேட்டது நியாயமான முறைதான். ஆனால் நேரில் கூப்பிட வாயைத் திறந்தால் நல்லகண்ணுவின் கண் போய்விடும். சத்தியத்தைத் திருப்பி எடுக்கலாம் என்றால், இரண்டு பேரும் சேர்ந்து அதே சந்நிதியில் நின்று சூடம் ஏற்ற வேண்டும். அதற்கு அவன் வரவேண்டும். அவன் வருவதற்கு இவன் கூப்பிடவேண்டும். இப்படி நாய் தன் வாலைத் துரத்துகிற கதையாக வருசங்கள் ஓடின.

ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். மூன்று போயிற்று, ஐந்து போயிற்று. சந்தனத்துக்கு ஏழு நடந்தது. மூளிக்காதி என்று பிள்ளைகள் கேலி செய்ய, அவள் முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு திரிந்தாள். ஒப்புக்கு ஒரு ஒன்றுவிட்ட மாமனை உட்கார வைத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். சுருளியம்மாள் மசியவில்லை. புருசனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சோறு போட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தச் சித்திரைத் திருவிழாவுக்குள்ள எங்கண்ணன் வரணும். வரலேன்னா உங்களுக்குச் சோறு உண்டு, துணி தொவைக்கிறது உண்டு, பேச்சு கெடையாது. எங்கண்ணனோட பேசாம இருக்கத் தெரிஞ்ச ஆளுக்கு என்னோட பேசாம இருக்கவும் தெரியும்."

நல்லகண்ணு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சொன்னால் செய்கிறவள். அந்தக் குடும்பத்துக்கே அந்த வியாதி உண்டு.

அந்த வாரமே பழனிசெட்டிபட்டியிலிருந்து மாட்டு வியாபாரி சங்கரலிங்கம் ஆள் அனுப்பினார். கொழும்பில் ஒரு வண்டிக் கான்ட்ராக்டருக்குத் துறைமுகத்துச் சாமான் இழுக்க உழைப்புக் காளைகள் வேண்டுமாம். தேனி மாடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். கூடப் போய் விலை பேசி முடித்துவிட்டு வர ஆள் தேவை. நல்லகண்ணு அதுவரை உசிலம்பட்டிக்குக் கிழக்கே போய் ராத்தங்கியதில்லை. ஆனாலும் உடனே தலையாட்டிவிட்டான்.

புறப்படும்போது சுருளியம்மாள் ஒரு பொட்டலம் கொடுத்தாள். சின்னமனூர் வெற்றிலையை அடுக்கி, நடுவே கொட்டைப்பாக்கு வைத்து, ஈர வாழைப்பட்டையில் சுற்றி நாரால் கட்டியிருந்தாள். "தெனமும் தண்ணி தெளிங்க. கடல்தண்ணி படாமப் பாத்துக்கங்க. வெத்தல வாடுறதுக்குள்ள கூப்பிட்டுருங்க" என்றாள்.

"எப்புடிக் கூப்பிடுறது?"

"அது உங்க பாடு. சத்தியம் பண்ணும்போது என்னையக் கேட்டா பண்ணுனீக?"

தூத்துக்குடியில் கப்பலேறினான். மாடுகள் கீழ்த்தட்டில் அசைபோட்டுக்கொண்டு நிம்மதியாக நின்றன. மாடு மேய்க்கப் போன நல்லகண்ணுதான் ராத்திரி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்ததையெல்லாம் சமுத்திரத்துக்குக் கொடுத்தான். அந்த நிலையிலும் வாழைப்பட்டைப் பொட்டலத்தை மடியை விட்டு இறக்கவில்லை. விடிந்ததும் அதற்குத் தண்ணீர் தெளித்த பிறகுதான் தன் முகத்தில் தெளித்துக்கொண்டான்.

கொழும்பில் மாடுகளை நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சோதனைக் கொட்டடியில் ஒரு வாரத்துக்குக் கட்டிவிட்டார்கள். மனுசனை அப்படிக் கட்டாததால் நல்லகண்ணு புறக்கோட்டையைத் தேடிப் போனான். டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு வருகிறது, ரிக்‌ஷாக்காரன் இடுக்கில் நுழைகிறான், மூட்டை தூக்குகிறவன் கத்துகிறான். இத்தனை சனமும் ஒன்றையொன்று இடிக்காமல் போவது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்திலிருக்கிறவனிடம் சொல்லலாம் என்று பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினான். அங்கே ஒரு விளக்குக் கம்பம் நின்றது.

கருத்தக்கண்ணன் கல்லாவிலிருந்து குதித்து வந்து கட்டிக்கொண்டான். பழைய கருத்தக்கண்ணன் இப்போது இரண்டு மடங்கு அகலமாகியிருந்தான். "ஏலே நல்லகண்ணு, சட்டையெல்லாம் போட்டிருக்கே, என்ன கலியாணமா?" என்றான். இலை போட்டு, மீன் குழம்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் உறிஞ்சி எடுத்தான். கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"உன் மாட்டை எடுக்கப்போறது யாரு தெரியுமா? சீமோன் முதலாளி. சிங்களவர், தங்கமான மனுசன். அவருக்கு மாடு பாத்துக் குடுக்கிற தரகு யாருன்னு கேளு."

நல்லகண்ணு கேட்கத் தேவையே வரவில்லை. வாசலில் நிழல் தட்டியது. வேலுச்சாமி நின்றுகொண்டிருந்தான். மீசை நரைத்திருந்தது. காலில் செருப்பு, கையில் குடை. தோளில் மட்டும் அதே தரகுத் துண்டு. நல்லகண்ணு எழுந்து நின்றான். எட்டு வருசத்துப் பேச்சு வாய்வரைக்கும் வந்து பல்லில் முட்டி நின்றது. வேலுச்சாமியும் குடையை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். பிறகு வந்து அதே பெஞ்சில் எதிரே உட்கார்ந்து, கருத்தக்கண்ணனைப் பார்த்துச் சொன்னான்:

"ஏலே கருத்தா, தங்கச்சி சொகமா இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

"கருத்தா, சொகமா இருக்கா, ஆனா கோவமா இருக்கான்னு சொல்லு" என்றான் நல்லகண்ணு.

"மெலிஞ்சு போயிட்டாப்லயான்னு கேளு."

"யாரு, அவளா, நானான்னு கேளு."

கருத்தக்கண்ணன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்று நாள் இப்படிப் போயிற்று. மூன்று வேளையும் வேலுச்சாமி அந்தக் கடைக்கே சாப்பிட வந்தான். இதற்கு முன் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிசயம் என்று கருத்தக்கண்ணன் சொன்னான். நான்காம் நாள் அவனுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. "ஒரே பெஞ்சில ஒக்காந்துக்கிட்டு என்னைய ஏண்டா தபால் பொட்டி ஆக்குறீக? சத்தியம் பண்ணுனது வீரபாண்டியில. நடுவுல இம்புட்டுத் தண்ணி கெடக்கு. கடல் தாண்டுனா அதெல்லாம் செல்லாது. பேசித் தொலைங்களேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனை முறைத்தார்கள். "நான் தாண்டி வந்த கடலை ஆத்தா தாண்ட மாட்டாளா?" என்றான் வேலுச்சாமி. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

நல்லகண்ணு சும்மா இருக்கவில்லை. சாப்பிட்டுக் கைகழுவும்போது சுவரைப் பார்த்து, "சுவரே, சித்திரையில எம்மகளுக்குக் காது குத்துறோம், அவசியம் வந்துரணும்" என்றான். "கருத்தா, சுவத்தை அழைச்சிருக்காக, சுவரு போகட்டும்னு சொல்லு" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. வாசலில் உட்கார்ந்த காக்காயிடம் சொல்லிப் பார்த்தான். காக்காய்க்கும் அதே பதில்தான். கருத்தக்கண்ணனே தாம்பூலத்தை எடுத்துக்கொண்டு போய் நீட்டினான். வேலுச்சாமி கையை மடக்கிக்கொண்டான். "பெத்தவன் கையால வாங்கணும், பெத்தவன் சொல்லு கேக்கணும். எங்கய்யா காலத்திலேருந்து அப்புடித்தான். எனக்கு மட்டும் ஏன் கொறைக்கிறே?" என்றவன் குரல் கொஞ்சம் உடைந்தது. அவனுக்கும் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை இருந்தது. ஆசை இருக்கிறவனுக்குத்தான் முறை பெரிதாகத் தெரியும்.

ஒரு வாரம் முடிந்தது. வெற்றிலையின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியது. மாடுகளைக் கொட்டடியிலிருந்து விட்டுவிட்டார்கள், மறுநாள் விலை பேசி முடித்தால் அதற்கடுத்த கப்பலில் நல்லகண்ணு திரும்பவேண்டும். அன்று படுக்கும்போது, திரும்பிப் போய் வெறும் கையோடு சுருளியம்மாள் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தான். முடியை இழுத்துக் காதை மூடுகிற மகளையும் நினைத்தான். இறங்குபூரான்தான் என்று முதல் தடவையாகத் தனக்குத்தானே ஒத்துக்கொண்டான்.

காலையில் சீமோன் முதலாளியின் வண்டிப்பேட்டையில் காளைகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். முதலாளி வெள்ளைக் கோட்டும், கைலிபோலச் சுற்றிய சாரமுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கருத்தக்கண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தான். வாய்பேசாத இரண்டு பேர் எப்படி விலை பேசப்போகிறார்கள் என்பதைப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

வேலுச்சாமி முதல் காளையின் பல்லைப் பார்த்தான், குளம்பைத் தட்டினான், முதுகைத் தடவினான். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, கையை நீட்டினான். நல்லகண்ணு ஒரு கணம் யோசித்தான். சத்தியம் பண்ணியது வாய் திறந்து பேசமாட்டேன் என்று. துண்டுக்குள் நடப்பது கை வேலை. இதில் ஆத்தாளுக்கு என்ன வருத்தம் இருக்கமுடியும்? கையை நீட்டினான். துண்டு மூடியது.

அந்தக் கையைப் பிடித்ததும் அவனுக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கயிறு இழுத்து வளைந்துபோன அந்த மோதிர விரல். உள்ளங்கையில் சூடம் அடித்த தழும்பு. தன் கையிலும் அதே இடத்தில் அதே தழும்பு இருந்தது. வேலுச்சாமியின் விரல் விலை கேட்டது, இவன் விரல் சொன்னது, அவன் அழுத்தினான், இவன் தளர்த்தினான். "முடிஞ்சது" என்று கூட்டத்தைப் பார்த்து வேலுச்சாமி சொல்ல, முதல் காளை அவிழ்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று வேலை தண்ணீராய் ஓடியது. இப்படி ஒரு கை கிடைத்து எத்தனை காலமாயிற்று என்று இரண்டு பேருக்குமே இருந்தது. முதலாளிக்கும் திருப்தி, சங்கரலிங்கத்துக்கும் பழுதில்லை.

கடைசிக் காளையும் படிந்தது. "முடிஞ்சது" என்று சொல்லவேண்டிய வேலுச்சாமி சொல்லவில்லை. துண்டு விலகவில்லை. உள்ளே அவன் விரல் ஒன்று நல்லகண்ணுவின் மணிக்கட்டிலிருந்து மெல்ல ஊர்ந்து ஊர்ந்து உள்ளங்கை வழியாக மேலே ஏறியது. நின்றது. பிறகு அப்படியே இறங்கியது.

பூரான் எப்படி இருக்கிறது என்று கேட்கிறான்.

நல்லகண்ணுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலை பேசும்போது சிரிக்கிற தரகனை யாரும் பார்த்ததில்லை, கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அந்த விரலைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினான். நன்றாக இருக்கிறது. பிறகு ஒற்றை விரலைப் பிடித்தான், ஒரு பிள்ளை. அந்த விரலின் நுனிச் சதையைத் தன் நகத்தால் சுருக்கென்று குத்தினான். வேலுச்சாமியின் கை துள்ளியது. இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து. இரண்டு காது.

கை அசையாமல் இருந்தது. நல்லகண்ணு இன்னொரு கையை மடிக்குள் விட்டு, பொட்டலத்தை எடுத்து, நாரைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். வெற்றிலையையும் பாக்கையும் துண்டுக்குள் கொண்டுபோய் அந்தத் தழும்பின் மேல் வைத்தான். வைத்துவிட்டுத் தன் இரண்டு கையாலும் அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டான். வாங்க மச்சான் என்பதை இதைவிடத் தெளிவாக அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேலுச்சாமி வானத்தைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், நல்லகண்ணுவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான். கண்ணில் நீர் கட்டியிருந்தது. விரல்கள் வெற்றிலையோடு சேர்ந்து மூடின.

"முடிஞ்சது" என்றான் கூட்டத்தைப் பார்த்து. துண்டை உதறித் தோளில் போட்டான். கையில் மஞ்சளோடிய சின்னமனூர் வெற்றிலை இருந்தது.

சீமோன் முதலாளி எழுந்து வந்து எட்டிப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். காளைக்கு மேல் இலை எதற்கு என்று கேட்கிறார் போலும். வேலுச்சாமி சிரித்துக்கொண்டே ஒரு மாசம் லீவு கேட்டான்.

கருத்தக்கண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "இரு இரு. வாயால கூப்பிட்டாத்தான் வருவேன்னே. அவன் எங்கடா வாய் தொறந்தான்?"

"வாய் ஆயிரம் சொல்லும், பொழுது விடிஞ்சா மாறும். துண்டுக்குள்ள சொன்ன சொல்லு மாறுனது உண்டாடா? அதைவிடப் பெரிய சொல்லு எங்க இருக்கு?" என்றான் வேலுச்சாமி.

"அப்ப அது பேச்சுத்தான்னா சத்தியம் என்னாச்சு?"

"சத்தியம் வாயிக்குத்தான்டா. இது கை."

கருத்தக்கண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "சத்தியத்துக்குன்னா பேச்சு இல்ல, அழைப்புக்குன்னா பேச்சு. ரெண்டு பக்கமும் தரகு வாங்குறீகளேடா" என்றான்.

தேனியில் ரயிலை விட்டு இறங்கி இரண்டு பேரும் உப்புக்கோட்டைக்கு நடந்து வந்தார்கள். வழி முழுக்கப் பேச்சில்லை. வாய்க்கால் பாலத்தில் ஏறியதும் நல்லகண்ணு பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினான். ஆள் இருந்தது. அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. சுருளியம்மாள் அண்ணனைக் கண்டதும் குடையை வாங்கி மூலையில் வைத்தாள். பிறகு அடுப்படிக்குள் போய் அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கோழி அடித்தாள்.

சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி ஆற்றங்கரை நிரம்பியிருந்தது. அக்கினிச் சட்டி ஏந்தியவர்கள் ஒரு பக்கம், காது குத்துகிற குடும்பங்கள் ஒரு பக்கம். முதலில் சத்தியத்தை எடுக்கவேண்டும் என்று பூசாரி சொன்னார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சூடம் ஏற்றி, ஆத்தாளிடம் தப்புக் கேட்டு, உண்டியலில் காணிக்கை போட்டார்கள். "இனிமே பேசலாம்" என்று பூசாரி திருநீறு பூசினார். வேலுச்சாமி சம்மணம் போட்டு உட்கார, சந்தனத்தை அவன் மடியில் உட்கார வைத்தார்கள். அவள் மாமனின் நரைத்த மீசையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

உறவெல்லாம் காத்துக்கொண்டிருந்தது. எட்டு வருசம் கழித்து முதல் வார்த்தை என்ன வரும் என்று எல்லோருக்கும் ஆவல். நல்லகண்ணு வாயைத் திறந்தான்.

"மச்சான், அது இறங்குபூரான்தான்."

அதே நேரத்தில் வேலுச்சாமியும் வாயைத் திறந்திருந்தான். "மாப்ளே, அது ஏறுபூரான்தான்டா."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"அதெப்புடி ஏறுபூரான்?" என்றான் நல்லகண்ணு. "அந்த மாடு வந்த வருசந்தானே நீ போனே? நெலம் வந்துச்சு, கெணறு ஊறுச்சு, சொல்றதுக்கு ஆளு இல்லையே. இறங்குபூரான்தான்."

"கூறுகெட்டவனே, எந்தங்கச்சி வீடு எப்புடி இருக்குன்னு பாத்தேன்ல? எம்மடியில இவ ஒக்காந்திருக்கால்ல? இறங்குபூரான் வந்த வீட்டுல இப்புடி ஒரு பிள்ளை பெறக்குமா? ஏறுபூரான்."

"மாட்டை எட்டு வருசமா மேய்ச்சவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"மொத மொதல்ல தொட்டுப் பாத்தவன் நானு. எங்கண்ணு பொய் சொல்லுமா?"

"உங்கண்ணு அன்னிக்கு இறங்குபூரான்னுல்ல சொல்லுச்சு!"

"அன்னிக்கு நான் திமில் பக்கம் நின்னேன்!"

குரல் ஏறியது. பக்கத்துக் குடும்பங்கள் காது குத்தை விட்டுவிட்டு இங்கே திரும்பின. சந்தனம் வாயைப் பிளந்துகொண்டு அப்பனையும் மாமனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆசாரி விவரமான மனுசர். அவள் தலை இந்தப் பக்கம் திரும்பியபோது அந்தக் காதில் ஒரு குத்து, அந்தப் பக்கம் திரும்பியபோது இந்தக் காதில் ஒரு குத்து. கம்பியை முறுக்கிவிட்டு எழுந்துபோய்விட்டார். அவள் அழக்கூட மறந்திருந்தாள்.

சுருளியம்மாள் மகளின் காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். இரண்டு தரகர்களையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பூசாரியிடம் நிதானமாகச் சொன்னாள்:

"சாமி, அந்தச் சூடத் தட்டைக் கொஞ்சம் எட்ட எடுத்து வைங்க."